அடைச்சாச்சு

கிள்ளிப்பாலம் தாண்டிக் கிழக்கே போகிறவர்கள் அந்தச் சப்ஸ்டேஷனைப் பார்க்காமல் போக முடியாது. கருங்கல் முகப்பு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தேக்குக் கதவு, மேலே வளைவு வைத்த ஜன்னல்கள். 1947-இல் அஸ்திவாரம் போட்டபோது மகாராஜா ஆட்சி. கூரைக்கு ஓடு வேய்ந்து முடிப்பதற்குள் ராஜ்யமே மாறிப்போயிற்று. ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் அசரவில்லை, கரண்டுக் கொட்டாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்சாரம் குடியிருக்க அரண்மனை எதற்கு, அதென்ன படுத்துத் தூங்கவா போகிறது என்று சாலைக் கடைத்தெருவில் கேலி பேசாத ஆள் கிடையாது. இப்போது அதைப் பழம்பெருமைக் கட்டிடம் என்று அறிவித்து வாசலில் பளபளவென்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கல் எங்கிருந்து வந்தது, மிஷின் எந்தக் கப்பலில் வந்தது, யார் யார் வந்து மாலை போட்டுக்கொண்டார்கள், எல்லாம் அதில் உண்டு. ரத்னாபாய் இல்லை. கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, கதையைச் சொல்லிவிடலாம்.

1953-இல் ரத்னாபாய்க்கு இருபத்தேழு வயது. நாகர்கோவில்காரி. சப்ஸ்டேஷனில் டெலிபோன் கிளார்க். அத்தனை பெரிய கொட்டாரத்தில் பெண் என்று அவள் ஒருத்திதான். இதெல்லாம் பெண்பிள்ளைகள் பார்க்கிற வேலையா என்று கேட்டவரிடம், "டெலிபோனுக்கு என்ன மீசையா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டவள். அதற்குப் பிறகு அந்த ஆள் அவளிடம் மழை, வெயில் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

வேலை இதுதான். கம்பத்தில் ஏறப்போகிற லைன்மேன், கையோடு கொண்டுபோகும் டெலிபோன் பெட்டியைக் கம்பத்தடியில் மாட்டி அவளைக் கூப்பிடுவான். தமிழிலோ மலையாளத்திலோ, இரண்டையும் போட்டுக் கலக்கியோ, எந்த லைனை நிறுத்த வேண்டும் என்று சொல்வான். அவள் அதை இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பக்கத்து ஹாலுக்கு நீட்டுவாள். அங்கே சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பரேட்டர் சேஷன் காரியத்தை முடித்து, அதே சீட்டில் நேரம் போட்டுத் திருப்பித் தருவார். அவள் அதை மறுபடி நம் பேச்சுக்கு மாற்றிக் கம்பத்தடிக்குச் சொல்வாள். பலகைக்குப் போகிற செய்தி இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்பது மேலிடத்துச் சட்டம். ஏன் என்று கேட்கக் கூடாது.

மூன்று வருஷம் ஒரு குழப்பமும் இல்லை. ஆன் என்றால் ஆன், ஆஃப் என்றால் ஆஃப். அப்போதுதான் அசிஸ்டெண்ட் என்ஜினியர் வெங்கடசுப்ரமணியனுக்கு ஒரு யோசனை வந்தது. டெலிபோன் இரைச்சலில் ஆனும் ஆஃபும் ஒன்றுபோலக் காதில் விழுகிறது, என்றைக்காவது ஒருவன் சாகப்போகிறான் என்று நினைத்தார். நியாயமான யோசனைதான், குறை சொல்ல முடியாது. அதற்கு அவர் கொடுத்த மருந்துதான் வினையாகப் போயிற்று. இனிமேல் ஆன், ஆஃப் என்ற பேச்சே கூடாது, க்ளோஸ், ஓபன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சர்க்குலர் போட்டார். சர்க்குலர் நம்பர் பதினாலு. இங்கிலீஷ் தெரியாத லைன்மேன்களுக்காக அடியில் 'அடை, திற' என்று மொழிபெயர்ப்பு வேறு. யார்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு தடவை வாசித்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். வாசித்தவர் அர்த்தம் சொல்லவில்லை, நின்றவர்கள் கேட்கவும் இல்லை.

மூன்று நாள் லைனில் வேலை எதுவும் வரவில்லை. நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து குற்றாலலிங்கம் கூப்பிட்டார். தென்காசிப் பக்கத்து மனிதர், நாற்பது வயது, பதினைந்து வருஷமாகக் கம்பம் ஏறுகிறவர்.

"அம்மா, ஆத்தங்கரை லைன அடைக்கணும்."

"என்ன அண்ணாச்சி, புது வார்த்தையெல்லாம் வருது?"

"சர்க்காரு உத்தரவுல்லா! இனிமே ஆஃபுன்னா நாக்க அறுத்துருவாக."

ரத்னாபாய் சிரித்துக்கொண்டே எழுதினாள். அடைக்க வேண்டும் என்றால் இங்கிலீஷில் க்ளோஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். 'ஆற்றங்கரை லைனை க்ளோஸ் செய்யவும்' என்று சீட்டை நீட்டினாள். சேஷன் வாங்கிப் பார்த்தார். அந்த லைன் ஏற்கெனவே க்ளோஸாகத்தான் இருந்தது. சரிபார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, 'க்ளோஸ்டு, 11.10' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"அடைச்சாச்சு அண்ணாச்சி. கேறிக்கோங்க," என்றாள் ரத்னாபாய்.

அவர் ஏறினார்.

வீட்டில் அடை என்றால் நிறுத்து என்று அர்த்தம். மின்சாரக்காரர்களின் இங்கிலீஷில் க்ளோஸ் என்றால் சுவிட்சின் இரண்டு செம்புத் துண்டும் ஒன்றோடொன்று சேர்வது. சேர்ந்தால் கரண்டு ஓடும். சேஷனுக்கு அது பரீட்சைக்குப் படித்த பாடம். ரத்னாபாய்க்கும் குற்றாலலிங்கத்துக்கும் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

கரண்டு தூக்கி எறிந்தது. கீழே கிடந்த ஆற்றுமணல் குவியல் அவர் உயிரைக் காப்பாற்றியது. வலது கையில் மூன்று விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ரத்னாபாய் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டில் பக்கத்தில் குற்றாலலிங்கத்தின் மனைவி உலகம்மை உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நீதானா அந்த டெலிபோன்காரி? வா, வந்து பாரு. நல்லாப் பாரு."

ரத்னாபாய் பார்த்தாள். துணி சுற்றிய கை தலையணைமேல் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"அவள ஏசாத," என்றார் குற்றாலலிங்கம் கட்டிலிலிருந்து. குரல் ஈனமாக வந்தது. "அம்மா, நீங்க என்ன செய்வீக? நா அடைக்கச் சொன்னேன். நீங்க அடைச்சாச்சுன்னீக. நா ஏறினேன். இதுல தப்பு எங்கன இருக்கு? ராத்திரி பூரா யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல."

பிடிபடாதது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. ரத்னாபாய் நேரே சப்ஸ்டேஷனுக்குப் போய்ச் சேஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"சேஷன் சார், நான் க்ளோஸ்னு எழுதினேன். நீங்க ஏன் நிறுத்தல?"

"க்ளோஸ்னா நிறுத்தறதுன்னு யார் சொன்னா? க்ளோஸ்னா போடறதும்மா! நிறுத்தணும்னா ஓபன்னு எழுதியிருக்கணும் நீங்கோ!" சேஷனுக்கும் முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வலியசாலை அக்கிரகாரத்தில் எறும்பைக்கூட மிதிக்காத மனிதர் என்று பெயர் வாங்கியவர்.

ரத்னாபாய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அட பாவமே, இதுதானா! யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தூங்கவில்லை. ஒரு சொல் இந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் ஒன்றாகவும் அந்தப் பக்கத்தில் நேர் எதிராகவும் இருந்திருக்கிறது. சுவரில் இருந்த ஜன்னல் வழியாக அதை நீட்டியவள் அவள்.

அடுத்த வாரம் விசாரணை. விசாரிக்க வந்தவர் யார் தெரியுமா? சர்க்குலர் எழுதிய அதே வெங்கடசுப்ரமணியன். நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்! ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே ரத்னாபாயைத் தனியாகக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதைப் படிச்சுப் பாரும்மா. கவனக்குறைவா செய்தி மாத்திச் சொல்லிட்டேன், மன்னிக்கணும்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை ஒப்பு போட்டுக் கொடுத்துடு. ஹெட் ஆபீஸ்ல பைல் செக்ஷனுக்கு மாத்திடறேன். ஃபேன் உண்டு, உன்னைப்போல லேடீஸும் உண்டு. இல்லேன்னா இது டிஸ்மிஸ் வரைக்கும் போகும், பாத்துக்கோ."

"அப்ப சர்க்குலர், சார்?"

"சர்க்குலருக்கு என்ன?"

"அது இருக்குமா?"

"ஏன் இருக்காது? சர்க்குலர் சரியாத்தான் இருக்கு. நீதான் சரியாப் புரிஞ்சுக்கலை."

ரத்னாபாய் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வாடகை அறையில் விளக்கைப் போட்டு அதைப் பத்துத் தடவை படித்தாள். ஒப்பு போடுவது சுலபம். ஃபேன் காற்றும் கசக்காது. கடமையில் தவறிவிட்டோமே என்ற உறுத்தல் வேறு, போடு போடு என்று பிடித்துத் தள்ளியது. மூன்று விரல் போன மனிதரை நினைத்தால் எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் ஒப்பு போடலாம் என்றுதான் தோன்றியது.

ஆனால் போட்டால் என்ன ஆகும்? தப்பு ஒரு பெண்பிள்ளையின் கவனக்குறைவு என்று பைலில் ஏறும். அவள் இடத்துக்கு வேறொருத்தர் வருவார். கம்பத்தடியிலிருந்து இன்னொருவன் அடைக்கச் சொல்வான், புதிதாக வந்தவர் க்ளோஸ் என்று எழுதுவார், அவன் ஏறுவான். அவனுக்குக் கீழே மணல் குவியல் இருக்க வேண்டுமே! ரத்னாபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன்மேல் இருந்த கோபம், அழுகை எல்லாம் அதில் அடித்துக்கொண்டு போயிற்று. வேலை போனால் போகட்டும், அந்தச் சொல் போகாமல் ஒப்பு கிடையாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை டெலிபோன் அறையிலேயே விசாரணை. வெங்கடசுப்ரமணியன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேஷன் சாட்சியாகக் கதவோரம் நின்றார். காலையிலிருந்து டெலிபோனும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"ஒப்பு போட்டாச்சா?"

"இல்ல சார். போட மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"யோசிச்சுதான் பேசறியா?"

"யோசிச்சுதான் சார். ஜன்னல அடைச்சா காத்து நிக்குது. குழாய அடைச்சா தண்ணி நிக்குது. கடைய அடைச்சா யாவாரம் நிக்குது. சுவிட்ச அடைச்சா மட்டும் கரண்டு ஓடும்னா, கம்பத்துல ஏறுகவனுக்கு அது எப்படி சார் தெரியும்? எனக்கே தெரியல. நான் கவனமாத்தான் சொன்னேன். கவனமாச் சொல்லித்தான் அவர் கை போச்சு."

"உனக்குத் தெரியலேன்னு சொல்லு. டிபார்ட்மெண்டுல மத்த எல்லாருக்கும் தெரியும்."

"அப்படீன்னா கேட்டுப் பாக்கலாம் சார். இங்கிருந்தே. உங்க முன்னாலேயே."

சேஷனுக்கு வியர்த்துவிட்டது. மேலதிகாரியிடம் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. வெங்கடசுப்ரமணியன் மறுக்கப் போனார். அப்புறம் என்ன தோன்றிற்றோ, நாற்காலியை விட்டு எழுந்தார். தம்முடைய சர்க்குலர்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

"கேளு. லைன் அடைச்சாச்சுன்னா என்ன அர்த்தம்னு கேளு. நானும் கேக்கறேன்." டெலிபோனோடு இருந்த இரண்டாவது காதுக்குழலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ரத்னாபாய் கைப்பிடியைச் சுற்றினாள். முதலில் கரமனை செக்ஷன்.

"அடைச்சா கரண்டு இல்லா. அதல்லே அர்த்தம்?" என்றான் அங்கிருந்த லைன்மேன்.

"முட்டாள்," என்றார் வெங்கடசுப்ரமணியன் குழலைக் கையால் பொத்திக்கொண்டு.

அடுத்தது பூஜப்புரை. அங்கே இருந்தவர் பழைய ஆள். "அடைச்சா கரண்டு உண்டு, தொடப்பிடாது," என்றார்.

வெங்கடசுப்ரமணியன் முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தியா? ஒழுங்காக் கேட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"இன்னும் ஒருத்தர் சார்." அவள் பழவங்காடி லைனுக்குச் சுற்றினாள்.

பழவங்காடியில் திரவியம் என்ற லைன்மேன் எடுத்தான். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற சத்தமும் பஸ்காரர்கள் கூப்பாடும் அவன் குரலோடு சேர்ந்து வந்தன. ரத்னாபாய் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"திரவியம்! லைன் அடைச்சாச்சுன்னு நான் சொன்னா..."

"ஓ, அடைச்சாச்சா? நல்லதாப் போச்சுக்கா! அரை மணிக்கூறா இதுக்குத்தானே வெயில்ல நிக்கோம். லே தங்கப்பா, லைன் அடைச்சாச்சுலே, கேறு!"

சேஷன் முகம் வெளிறிப்போயிற்று. பத்தரை மணிக்குப் பழவங்காடியிலிருந்து லைனை நிறுத்தச் சொல்லித் திரவியம் கூப்பிட்டிருந்தான். விசாரணை முடியட்டும் என்று சேஷன் அதை எழுதி வைத்ததோடு சரி. அந்த லைனில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ பகவானே!" என்று சேஷன் சுவிட்சுப் பலகைக்கு ஓடினார். ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது பலகை. அரண்மனை மாதிரிக் கட்டினால் ஓட வேண்டிய தூரமும் அரண்மனை மாதிரித்தானே இருக்கும்.

வெங்கடசுப்ரமணியன் ரத்னாபாயைத் தள்ளிவிட்டுப் பேசுகுழலைப் பிடித்தார்.

"ஏறாதே! க்ளோஸ்! லைன் க்ளோஸ்டா இருக்கு மேன்! க்ளோஸ்டு!"

"கேட்டாச்சு சாரே," என்றது திரவியத்தின் சந்தோஷமான குரல். "அதைத்தான் அக்காவும் சொன்னாவ. அடைச்சாச்சு. தங்கப்பன் பாதி கேறியாச்சு."

அதிகாரியின் வாய் திறந்தபடி நின்றது. இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. ரத்னாபாய் அவர் கையிலிருந்து பேசுகுழலைப் பிடுங்கினாள்.

"திரவியம்! லைன்ல உயிர் இருக்கு! உயிர் இருக்குலே! அவன இறக்கு!"

"எம்மாடி! லே தங்கப்பா, இறங்கு! கைய வைக்காத, இறங்குலே!"

சிதறுகாய் உடைகிற சத்தம் கேட்டது. யாரோ பஸ்ஸுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் திரவியம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"இறங்கிட்டான்கா. தரையில நிக்கான். என்னக்கா இது, கொல்லப் பாத்தியளே!"

ரத்னாபாய் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் சேஷன் வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"ஓபன்! ஓபன் பண்ணிட்டேன் சார்! ஓபன்!"

"ஓய், அந்த வார்த்தையைச் சொல்லாதேயும்!" என்று கத்தினார் வெங்கடசுப்ரமணியன். கத்திவிட்டு நாற்காலியில் விழுந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அப்புறம் அவர்தான் கேட்டார். அதிகாரிக் குரல் போய்விட்டிருந்தது.

"என்ன சொன்னேம்மா அவன்கிட்ட? உயிரா?"

"ஆமா சார். என்ன சொல்லன்னு யோசிக்க நேரம் இல்ல. வாயில அதுதான் வந்துச்சு."

"மலையாளத்துக்காரன்கிட்டேன்னா?"

"ஜீவன் உண்டு, ஜீவன் இல்ல. இங்க யாருக்கும் அது மாறிப் போகாது சார்."

அவர் தலையை ஆட்டினார். சர்க்குலர் நம்பர் பதினாலை எடுத்து, அடை, திற இரண்டையும் அடித்தார். க்ளோஸையும் ஓபனையும் அடித்தார். பக்கத்தில் இரண்டு மொழியிலும் புதுச் சொற்களை எழுதி, பலகைக்குப் போகிற சீட்டிலும் இதையே எழுதலாம் என்று சேர்த்தார். பிறகு மன்னிப்புக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். கிழித்துப்போடப் போகிறார் என்று சேஷன் நினைத்தார். அவர் கிழிக்கவில்லை. 'டெலிபோன் கிளார்க் ரத்னாபாய்' என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்து, அதன்மேல் தம் பெயரையும் உத்தியோகத்தையும் எழுதினார். எழுதிக் கீழே ஒப்பு போட்டார்.

"இது பைலுக்குப் போகட்டும். குற்றாலலிங்கத்தை நானே போய்ப் பாக்கறேன்."

வேண்டாம் சார், பரவாயில்லை சார் என்று ரத்னாபாய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை காகிதத்தைத் திரும்ப எடுத்திருப்பார். மை காயும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணைமேல் கிடந்த கை கண்ணுக்குள் வந்தது. அந்த மூன்று விரலை எந்தக் காகிதமும் கொண்டுவரப் போவதில்லை என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதுவிட்டாள். இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள்.

டெலிபோன் மணி அடித்தது. வெங்கடசுப்ரமணியன் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்தாள்.

"அக்கா, திரவியம். இப்ப லைன்ல உயிர் இருக்கா இல்லியா?"

"இரு, கேட்டுச் சொல்லுகேன்." ரத்னாபாய் ஒரு சீட்டை எடுத்து, தமிழிலேயே எழுதி, சுவர் ஜன்னல் வழியாக நீட்டினாள். சேஷன் ஹாலுக்குப் போனார், சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார், நேரம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"உயிர் இல்ல திரவியம். தங்கப்பன ஏறச் சொல்லு."